எமகண்டம் முடியும்வரை

மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வை நான் இரண்டு முறை எழுதியதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் முறை நான் உள்ளேயே போகவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலிலிருந்து அப்பாவும் நானும் பஸ்ஸில் திருநெல்வேலித் தேர்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். காலண்டரில் நேரம் பார்க்காமல் தறியில் புதுப் பாவு நூல்கூட ஏற்ற மாட்டார். வாசலுக்கு எதிரே என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எமகண்டம் நடக்கு மக்கா. ஒன்றரைக்கு முடிஞ்சிரும். அதுக்குப் பொறவு காலெடுத்து வை."

"ஒன்றரைக்கு கேட்டையே பூட்டிருவாங்கப்பா!"

"முடியவும் ஓடிருவோம். ரோட்டைத் தாண்டுனா கேட்டுதான?"

பிடித்த கையை அவர் விடவில்லை.

அவருடைய கைக்கடிகாரத்தில் ஒன்றரை ஆனதும் ஓடினோம். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அங்கே நின்ற பெண் காவலரின் காலில் அப்பா விழுந்தார். யார் முன்னாலும் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை.

"எந்திரிங்க அண்ணாச்சி, என்னால திறக்க முடியாது" என்று அந்தப் பெண் அவரைத் தூக்கிவிட்டார்.

ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் தேர்வு எழுதியதாகவே சொல்லிவிட்டோம்.

அடுத்த வருடமும் ஞாயிறுதான், உள்ளே விடுகிற நேரமும் அதே எமகண்டம்தான். இந்த முறை அப்பாவே என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

"ஒண்ணும் பாக்காத மக்கா. உள்ள போ."

மதிப்பெண் போதவில்லை. எனக்கு நேரம் பார்க்கிற நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் மதிப்பெண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, நான் உள்ளே போன நேரம்தான்.