தட்டாமல் அனுப்பிய டைல்கள்

தொழிற்சாலையில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். நீதிமன்ற வாசலைக்கூட மிதித்தறியாத பெண். ஆனால் சூளையிலிருந்து ஆறி வரும் ஒவ்வொரு பீங்கான் டைலும் அவள் மேஜையைத் தாண்டித்தான் லாரி ஏற வேண்டும், மேல்முறையீடு கிடையாது. இடது கையால் தூக்கி ட்யூப் லைட்டுக்கு அடியில் சாய்த்து ஒரு பார்வை. தேறினால் நடுவிரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் பெட்டிக்குள். மெருகில் ஊசித்துளை, வழிசல், கருகிய விளிம்பு ஏதாவது கண்ணில் பட்டாலோ, தட்டாமலே பின்னாலிருக்கும் தகரத் தொட்டிக்குள். தோற்றவனைப் பாடச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்படி இருபத்திரண்டு வருடம். கண் அப்படிப் பழகிவிட்டால் வீட்டுக்கு வந்தும் அடங்காது. சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒருநாள் மகள் கேட்டாள்: "அம்மா, இந்த வீட்ல நாங்கள்லாம் எத்தனாம் தரம்?"

குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கணவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "நான் ரெண்டாம் தரம்டி. தள்ளுபடியில எடுத்தா."

அந்தத் தொழிற்சாலைக்குத்தான் ஒருநாள் ஒரு வடிவமைப்பாளர் வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்த, நகத்தில் களிமண் காயாத பெண். புதிதாகக் கட்டும் நூலகத்தின் முகப்புச் சுவர் முழுக்கப் பீங்கான் பலகைகளைத் தொங்கவிடப் போகிறாளாம். சிமெண்ட் கிடையாது; இரும்புச் சட்டத்தில் கொக்கி வைத்து மாட்டுவது. முதல் தரப் பெட்டிகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகத் தகரத் தொட்டிக்குள் கையை விட்டாள்.

"இதான் எனக்கு வேணும். தொள்ளாயிரம்."

"அது கழிச்சதும்மா," என்றாள் ஜட்ஜம்மா, எச்சில் தட்டில் யாரோ கை வைத்ததுபோல.

"கழிச்சதாலதான் அழகா இருக்கு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல பாருங்க."

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அரைத்துப் பொடியாக்கவிருந்ததை ஒருத்தி கலையென்று கேட்கிறாள். "பொறுக்கிக் குடுங்க ஜட்ஜம்மா," என்று போய்விட்டார்.

தள்ளியதிலிருந்து தேர்ந்தெடுப்பது எப்படி? ஜட்ஜம்மா இரண்டு நாள் தடுமாறினாள். மூன்றாம் நாள் தொட்டிக்குள்ளும் ஒரு நியாயத்தைக் கொண்டுவந்தாள். ஊசித்துளை ஒரு பெட்டி, வழிசல் ஒரு பெட்டி, கருகல் இன்னொன்று. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெளிறியதில் தொடங்கி அடர்ந்தது வரை வரிசை. குற்றவாளிகளைக்கூட இவ்வளவு ஒழுங்காக எந்தச் சிறையும் அடைத்திருக்காது.

நூலகத்தில் மாட்டியவன் ஸ்பானர் என்கிற ஃபிட்டர். பெட்டி வந்த வரிசையிலேயே மாட்டினான். முடித்த அன்று வடிவமைப்பாளர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். சுவர், டைல் கடை வாசலில் வைக்கும் சாம்பிள் பலகை போல இருந்தது.

"ஜட்ஜம்மா, நீங்களே வந்து கலைச்சுக் குடுங்க," என்று போன் வந்தது. "திறப்பு விழாவுக்கு மூணு நாள்தான் இருக்கு."

அடுக்கியவளையே கலைக்கச் சொன்னால் அவளும் ஒழுங்காகத்தான் கலைப்பாள். ஒரு துளை, ஒரு வழிசல், ஒரு கருகல் என்று அவள் எடுத்துக் கொடுக்க, ஸ்பானர், "அக்கா, இது பாய் பின்னுற மாதிரில்ல இருக்கு," என்றான். வடிவமைப்பாளர் தானே இறங்கினாள். யாரும் கை வைக்காததுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரே டைலை ஒன்பது இடத்தில் வைத்துப் பார்த்தாள். நம்மைவிடப் பெரிய ஜட்ஜாக இருக்கிறாளே என்று ஜட்ஜம்மாவுக்கு முதல்முறையாக அவள்மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் மதியத்துக்குள் முக்கால் சுவர் முடிந்தது. வாசலுக்கு நேர் மேலே மாட்ட ஒரு டைலை எடுத்தாள் வடிவமைப்பாளர். பச்சை மெருகு வழிந்து ஓரத்தில் கண்ணாடித் துளியாக நின்றிருந்தது. "என் சுவருக்கே இதான் பொட்டு," என்று கொடுத்தாள். வாங்கிய ஜட்ஜம்மாவின் விரல், அவளைக் கேட்காமலே, ஒரு தட்டுத் தட்டியது.

டொக்.

இன்னொரு முறை தட்டினாள். டொக். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல். ஒரு மழை, ஒரு வெயில், அப்புறம் கொக்கியில் பாதியும் தரையில் பாதியுமாக இருக்கும். தரையில் யார் நிற்பார்கள் என்பதுதான் கேள்வி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொள்ளாயிரத்தில் ஒன்றைக்கூட அவள் தட்டவில்லை. தொட்டிக்குப் போனதைத் தட்டும் வழக்கமே அவளுக்கு இல்லை.

வடிவமைப்பாளர் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்பானர் டீ குடிக்கப் போயிருந்தான். இதை மட்டும் கைதவறிப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஜட்ஜம்மா அந்த டைலை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைகள் ஏறி வரப்போகிற படிகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், எல்லாத்தையும் இறக்கணும்."

"என்னக்கா விளையாடுறீங்க?"

"தட்டாம அனுப்பிட்டேன். உள்ள விரிசல் இருக்கு. ஒண்ணுலயும் இருக்கலாம், நூத்துலயும் இருக்கலாம்."

வடிவமைப்பாளர் பச்சை டைலை வாங்கித் தட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே."

"எனக்குத் தெரியுது."

முதலாளி போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "தப்பு யாரோடது? அந்தப் பொண்ணோடதா?"

"என்னோடது." அதைச் சொல்வது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது.

இறக்கினார்கள். தட்டினாள். நாற்பத்து மூன்று டொக். தகரத் தொட்டியில் மாற்று இல்லை. மிச்சமெல்லாம் அரைக்கப் போய்விட்டது. கைவசம் இருந்தது முதல் தரம் மட்டுமே. வண்டியில் வந்திறங்கிய அந்த நாற்பத்து மூன்று மாசற்ற டைல்களைப் பார்த்து வடிவமைப்பாளர் முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ, எவ்வளவு சுத்தம்! கண்ணை உறுத்துதே. இதை எங்கக்கா ஒளிக்கிறது?"

"தூண் பக்கம் பதினஞ்சு வைங்க. மிச்சம் அந்த மேல் வரிசையில. யாரும் அண்ணாந்து பாக்க மாட்டாங்க."

ஸ்பானர் ஏணியைச் சாத்தினான். "குடுங்கக்கா, மாட்டிடலாம். இதெல்லாம் நீங்க பாஸ் பண்ணுனதுதானே?"

ஒவ்வொன்றின் முதுகிலும் அவளுடைய மை முத்திரை இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு டைலைத் திருப்பி, காதருகே வைத்து, தட்டினாள்.