சென்னையிலிருந்து நாலு மணி நேரம்

கையில் தேநீர் பிளாஸ்க்குடன், கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனில் விமான நிலைய ரயில் பயணிகள் வெளியே வரும் வாசலையே பார்த்தபடி நின்ற சித்தப்பாவின் முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சித்தி மட்டும் சென்னைக்கு, அக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கிள்ளான் துறைமுகத்துக்குக் காலமெல்லாம் லோரி ஓட்டிய சித்தப்பா விமானத்தில் ஏறியதே இல்லை. சக்கரம் தரையில் படாமல் ஓடும் எதையும் அவர் நம்பமாட்டார்.

திரும்புகிற நாளன்று காலையில் சித்தி குரல் செய்தி அனுப்பியிருந்தார். "பத்து மணிக்கு பிளேன். நீங்க ஸ்டேஷனுக்கு வந்துருங்க." சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் நாலு மணி நேரம் என்பது சித்தப்பாவுக்கு மனப்பாடம். பத்தோடு நாலைக் கூட்டி, பெட்டி எடுக்க, ரயில் ஏற என்று லோரிக்காரர் பழக்கத்தில் தாராளமாகவே நேரம் சேர்த்துக்கொண்டுதான் கிள்ளானிலிருந்து வந்திருந்தார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் அலுவலகத்துக்கு அவர் போன் செய்தபோது மணி நாலு. "பிளேன் எங்கம்மா போச்சு? போன் அடிச்சா மெஷின்தான் பேசுது." ஓடிப்போய் விவரம் கேட்டேன். மற்ற நாடுகளில் எப்படியோ, சொன்ன நேரத்துக்கு விமானம் வரவில்லை என்றால் வெறும் தாமதம் என்று நினைக்க ஒரு விமானமே மாயமாய் மறைந்துபோன எங்கள் நாட்டில் யாருக்கும் மனசு வராது. "பிள்ளைங்களுக்கு இன்னும் சொல்லல. எப்படிம்மா சொல்றது?" என்றார் சித்தப்பா. உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

கைப்பேசியில் அந்த விமானத்தைத் தேடினேன். பயத்தில் விரல் தப்புத் தப்பாக அழுத்தியது. ஒருவழியாகக் கண்டுபிடித்தால், அது மலாக்கா நீரிணைக்கு மேலே சமர்த்தாக வந்துகொண்டிருந்தது. சித்தி சொன்ன பத்து மணி, சென்னையின் பத்து மணி. அப்போது நமக்குப் பன்னிரண்டரை. "ரெண்டரை மணி நேர வித்தியாசத்த மறந்துட்டீங்க சித்தப்பா," என்றேன். தலையாட்டினார். ஆனாலும் சித்தி அந்த வாசலில் வந்து நிற்கும்வரை அவர் உட்காரவே இல்லை.

அதற்குப் பிறகு சித்தி எத்தனை முறை போனாலும், அவர் இறங்கிவிட்டதாகப் போன் வரும்வரை சித்தப்பாவுக்குச் சோறு இறங்காது. "ஏறுறது நானு, ஆடுறது இவருலா," என்று சித்தி கிண்டல் செய்வார். விமானத்தில் சித்தி நன்றாகத் தூங்கிவிடுவாராம்.

சித்தப்பா போன வருடம் தவறிவிட்டார். போன மாதம் சித்தியோடு நானும் சென்னைக்குப் போனேன். விமானம் எழும்பியதும் என் கையைப் பிடித்தவர், சாப்பாடு வந்தபோதும் விடவில்லை. தூக்கம் வரவில்லையா என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் கீழ உங்க சித்தப்பா பயந்துகிட்டு இருப்பாரு, நான் தூங்கிருவேன்," என்றார். "இப்ப நான்தானேம்மா பயப்படணும்."