எந்த டிப்போ? ராயபுரம் முதல் விம்கோ நகர் வரை அரை நாள்

எனக்கு ரயில் பைத்தியம் உண்டு. ஈரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனைக்கு எழுத்து அட்டை மாட்டியிருக்கும் சுவரில், அதற்குப் பக்கத்திலேயே ஓர் உலக வரைபடமும் தொங்கும். எங்கேயாவது புதிதாக ரயில் ஓடத் தொடங்கினால் அந்த ஊரில் ஒரு குண்டூசி குத்துவேன். கடந்த ஓராண்டில் ஊசி டப்பாவே காலி. ஹோ சி மின் நகரில் முதல் மெட்ரோ. கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் மெட்ரோவுக்குத் தோண்டப்போய் ரோமானியர் காலத்துத் தெரு ஒன்று கிடைக்க, அதை நிலையத்துக்குள்ளேயே வைத்துக் காட்டுகிறார்கள். ரியாத்தில் ஓட்டுநரே இல்லாமல் ஓடும் வண்டிகள். செனாப் ஆற்றின் மேல் வானத்தில் தொங்குவது போல ஒரு பாலம். பாம்பனில் புதுப் பாலத்தின் நடுப்பகுதி மட்டும் லிஃப்ட் மாதிரி எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. இதையெல்லாம் படித்து வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்ததில், வந்தவர்களுக்குத் தப்பான பவர் எழுதிவிடுவேனோ என்று என் மனைவிக்குப் பயமே வந்துவிட்டது.

ஹோ சி மின் நகருக்குப் போவதாகத்தான் திட்டம். டிக்கெட் போடும் நாளில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், காலாவதியாகி ஏழு மாதம். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு வுடறீங்க, சொந்த பாஸ்போர்ட்டுல தேதி தெரியிலீங்களா?" என்றாள் மனைவி. அந்தச் சமயத்தில்தான் ராயபுரத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம் வந்தது. ஆவணி மாதம், திங்கட்கிழமை முகூர்த்தம். செவ்வாய்க்கிழமை காலையைக் கையில் வைத்துக்கொண்டேன். வடசென்னையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கல்யாண வீட்டிலேயே ஒருவர் கேட்டார். அவர் இதைப் படிக்கட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

காலை 7.05. ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். அந்தப் பழைய கட்டடம் பருத்த தூண்களோடு இன்னும் நிற்கிறது. ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் ஏறாத நேரம், சில்லென்று இருந்தது. சத்தியமாக எனக்குக் கண் கலங்கியது. உலகம் முழுக்க நான் குத்திய ஊசிகளில் இந்த ஊருக்கு ஒன்று கூட இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர், தூணைக் கட்டிப்பிடிக்கும் ஆளைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போனார்.

எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். தூரம் சுமார் பதினைந்து கிலோமீட்டர். 7.22-க்கு வந்த கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினேன். இந்தப் பாதையில் வண்டி அடிக்கடி கிடையாது, விட்டால் காத்திருக்க வேண்டும். கொருக்குப்பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் சரக்கு ரயில்கள். தண்டையார்பேட்டையில் எண்ணெய் டேங்கர்களை எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். எதிர் சீட்டில் அலுமினிய அன்னக்கூடையோடு இருந்த மீன்கார அம்மா, "எண்ணி முட்ச்சா இன்னா குடுப்பாங்க?" என்று கேட்டார். ஒன்றும் தரமாட்டார்கள் என்றேன். அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்.

7.58-க்கு எண்ணூர். அங்கிருந்து முகத்துவாரத்துக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். ஆறு கடலைத் தொடும் இடத்தில் போய் நின்றேன். ஒரு பக்கம் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், நடுவில் நாலு ஃபைபர் படகுகள் வலையை இழுத்துக்கொண்டு வந்தன. அழகு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தண்ணீரின் நிறம் அப்படி. ஆனால் அத்தனை பெரிய இரும்புக்கு நடுவில் அத்தனை சின்னப் படகு அசராமல் வந்த தோரணையைப் பார்த்து நான் அசந்துபோனேன். ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

9.10-க்குத் திருவொற்றியூர் தேரடிக்கு ஷேர் ஆட்டோ. சுமார் ஏழு கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். தேரடியில் இட்லி சாப்பிட்டுவிட்டு அங்கேயே மெட்ரோ ஏறலாம் என்று கணக்கு. பின் சீட்டில் ஐந்து பேர். லாரிப் புழுதிக்காக இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தார்கள், வெளியே ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் ஃபைலை வைத்துக்கொண்டு ஏதோ நோட்டை முணுமுணுவென்று படித்தபடி வந்தார். பெயர் அமுலு என்பது அப்புறம் தெரிந்தது. ஏறும்போதே ஓட்டுநரிடம், "ணா, டிப்போல எறக்கி வுடு. டிரைவர் இண்டர்வியூ கீது, பத்து மணிக்குள்ள போவணும்" என்று சொல்லியிருந்தார். ஓட்டுநர் பெயர் பாபு. "நீ குந்து தங்கச்சி, நா கரீட்டா கொண்டாந்து வுட்றேன்" என்றார். பாசமாகத்தான் சொன்னார்.

வழி முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. பாபு சந்து சந்தாகப் புகுந்து வண்டியைக் கொண்டுவந்தார். 9.37-க்குத் தேரடி. நான் காசைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது அமுலு நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ணா, டிப்போ இன்னும் எம்மாந்தூரம்?" என்று கேட்டார்.

"இன்னா, டோல்கேட் வந்தா டிப்போ தான். பத்து நிமிசம்."

"டோல்கேட்டா? அங்க இன்னாத்துக்குணா? விம்கோ நகர் டிப்போணா! மெட்ரோ டிப்போ!"

பாபுவின் முகம் செத்துப்போனது. டிரைவர் வேலை, டிப்போ என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் டோல்கேட் பஸ் டிப்போதான் ஞாபகம் வரும். காலங்காலமாக அங்கே டிப்போ என்றால் பஸ்தான். விம்கோ நகர் எப்போதோ பின்னால் போய்விட்டது. "ஒரு வார்த்த ரயிலுன்னு சொல்லக் கூடாதாம்மா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "எனுக்கு டிப்போன்னா அதான்ணா, தெனம் போவ வர அதத்தான பாத்துகினு கீறேன்" என்றார் அமுலு. மணி 9.38. அவர் ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டிய காகிதத்தில் பத்து மணிக்கு மேல் அனுமதி இல்லை என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ரயில் ஓட்டுநர் வேலை. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பெற்று, வீட்டிலிருந்தே படித்து எழுத்துத் தேர்வு தேறியிருக்கிறார். "இந்த வாட்டி வுட்டா வயசு பூடும் சார். அப்பால அப்ளை பண்ணவே முடியாது" என்று என்னிடம் சொன்னார். நான் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது.

பாபு வண்டியைத் திருப்பப் பார்த்தார். எதிர்ப் பக்கம் லாரிகள் அசையாமல் நின்றன. "பூந்து போய்ட்லாம், வா" என்றார். புகுந்து போக எலிக்குக்கூட வழி இல்லை. எனக்குச் சட்டென்று கோபம் வந்தது, என் மேல்தான். ஓர் ஆண்டாக உலக மெட்ரோக்களையெல்லாம் மனப்பாடம் செய்தவன், தலைக்கு மேலே நிற்கும் மெட்ரோவை மறந்து நிற்கிறேன். "ஏனுங்க அம்மணி, இதா மேல பாருங்க. மூணாவது ஸ்டேஷன் உங்க டிப்போ தானுங்க. ஏறுங்க மேல!" என்று கத்தியேவிட்டேன்.

அமுலு தயங்கினார். இவ்வளவு வருஷமாக அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஒருமுறையும் ஏறியதில்லையாம். எண்ணூரிலிருந்து எங்கே போனாலும் பஸ், இல்லாவிட்டால் ஐந்து ரூபாய் ரயில். பாபுதான் பிடித்துத் தள்ளினார். "போ தங்கச்சி, அதே வண்டிய தான நீ ஓட்டப் போற? போ!"

ஓடினோம். என் போனில் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன், தலைக்கு இருபது ரூபாய். பையைச் சோதிக்கும் இயந்திரத்தில் ஃபைலை வைக்க மாட்டேன் என்று அமுலு அடம் பிடித்தார். அது அந்தப் பக்கம் வந்துவிடும் என்று காவலர் சிரித்துக்கொண்டே உறுதி கொடுத்த பிறகுதான் விட்டார். நடைமேடைக்கு வந்தபோது 9.44. அடுத்த வண்டி மூன்று நிமிடத்தில் என்று பலகை சொன்னது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று நிமிடத்தைப் பார்த்ததில்லை.

9.47-க்கு வண்டி வந்து நின்றது. அமுலு உள்ளே நுழைந்ததும் உட்காரவில்லை. ஓட்டுநர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வண்டி கிளம்பியதும் பெரிய சத்தமோ குலுக்கலோ இல்லை. வலப்பக்கம் வீட்டு மாடிகள், துணிக்கொடிகள், தண்ணீர்த் தொட்டிகள். அவற்றுக்கு அந்தப் பக்கம் திடீரென்று கடல். முகத்துவாரத்தில் பார்த்த கலங்கல் தண்ணீர் அல்ல, வெயிலில் தகதகக்கும் முழுக் கடல். "யம்மாடி, நம்ம கடலா இது?" என்றார் அமுலு. அதே கடலில்தான் அவர் கணவர் அன்று விடியலில் படகில் போயிருந்தார். ஏதாவது புள்ளி தெரிகிறதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினார். நானும் தேடினேன். கூரைகளுக்கு மேலே, இரும்புக்கு மேலே, ஐந்தாவது மாடி உயரத்தில் ஏசி காற்றில் நின்றுகொண்டு இந்தக் கடலைப் பார்க்க முடியும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே! தெசலோனிக்கியாவது, ரியாத்தாவது!

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, உலகம் எப்படி முன்னேறிவிட்டது பாருங்கள், ரியாத்திலெல்லாம் ஓட்டுநரே கிடையாது, நம்ம சென்னையிலும் புதுப் பாதையில் அப்படித்தான் வரப்போகிறது என்று சொல்லித் தொலைத்தேன். ஓட்டுநர் வேலைக்குப் போகிற பெண்ணிடம், போகிற வழியில்! சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அமுலு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கூட்டுக்காரு போட்ல கூட ஜிபிஎஸ் வந்துச்சு சார். மீனு எங்க கீதுன்னு அதுவே சொல்லுது. அதுக்கோசரம் அவரு போவாம குந்திகினா கீறாரு?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மெசினு ஓடட்டும் சார், வேணாங்கல. ஒரு பேஜாருன்னா எய்ந்து போய் பாக்க ஒரு ஆளு வேணும்ல?" என்றார். நேர்முகத் தேர்வில் இதையே சொல்லுங்கள் என்றேன். "இப்டியே பேசினா வெளிய தள்ளிடுவாங்க" என்று முதல்முறையாகச் சிரித்தார்.

9.53-க்கு விம்கோ நகர் டிப்போ. கடைசி நிலையம். இறங்கிய வேகத்தில் என் எண்ணைக் கேட்டு போனில் பதிந்துகொண்டார். "வேல ஆனாலும் சொல்றேன், ஆவாட்டியும் சொல்றேன்" என்றபடி படியில் இறங்கி ஓடினார். மேலேயிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். டிப்போ வாசலில் காவலர் காகிதத்தை வாங்கினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். 9.58. அதே நடைமேடையில் உட்கார்ந்து, உள்ளே வரிசையாக நிற்கும் ரயில்களைப் பார்த்தபடி பையிலிருந்த கல்யாண வீட்டு அதிரசத்தைத் தின்றேன்.

10.20-க்குத் திரும்பும் வண்டியில் ஏறி சென்ட்ரல் வந்தேன். நாற்பது ரூபாய், அரை மணிக்குச் சற்றுக் குறைவு. டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி பூமிக்குள் இறங்கிவிடும். அதனால் கடல் பார்க்க விரும்புகிறவர்கள் விம்கோ நகர் போகும்போது வலப்பக்கம் நிற்கவும்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயிலும் புழுதியும் ஆளைக் கொன்றுவிடும். துறைமுகப் பக்கம் படம் எடுக்க வேண்டாம், கேள்வி கேட்பார்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்ற பெயர்களில் மின்சார ரயிலுக்கு ஒரு நிலையம், மெட்ரோவுக்கு வேறொரு நிலையம் உண்டு. யாரையாவது சந்திப்பதானால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மொத்தச் செலவு, கல்யாண மொய்யும் அமுலுவின் டிக்கெட்டும் நீங்கலாக, நூற்றைம்பது ரூபாய். முக்கியமாக, ஷேர் ஆட்டோவில் வெறுமனே டிப்போ என்று சொல்லாதீர்கள்.

இதை எழுதி முடித்து, வெளியிடாமல் ஐந்து வாரம் வைத்திருந்தேன். மனைவி தினமும் "அந்தப் புள்ள ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். நேற்றுக் காலை, ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது.

"சார் டிப்போல கீறேன்."

மறுபடியும் தப்பான இடத்தில் போய் நிற்கிறாரோ என்று பதறி, "எந்த டிப்போ?" என்று தட்டினேன்.

"நம்ம டிப்போ சார். டிரெய்னிங் முதல் நாளு."

வரைபடத்தில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே ஓர் ஊசி குத்தினேன். அவசரத்தில் ஊசி கொஞ்சம் கடலுக்குள் போய்விட்டது. பிடுங்கவில்லை.