லோர்னா தவறவிட்ட கெடு

லோர்னா டாக்கெட் தப்பே செய்யாத வக்கீல் என்று கென்டக்கி மாநிலத்தின் அந்த ஆற்றங்கரை ஊரில் பேச்சு. ஊர் சொன்னால் சொல்லட்டும், அவளே அதை நம்பித் தொலைத்தாள், அதுதான் வினை. அக்கரையில் ஒஹையோ மாநிலத்தில் வெகுகாலம் வாதாடியவள், கணவன் இறந்தபின் பாலத்தைத் தாண்டி வந்து கிளைட் என்ற வக்கீலோடு கூட்டாக அலுவலகம் போட்டாள். இங்கே பார்த்ததெல்லாம் உயிலும் வீட்டுப் பத்திரமும்தான். அடிபட்டவர் கேஸ் என்று வந்தது ஹோபார்ட் கிரிபினுடையது ஒன்றே.

ஹோபார்ட் நிலக்கரிப் படகில் உழைத்து ஓய்ந்த கிழவர். கடை ஒன்றில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். வழக்குப் போட இரண்டு வருஷம் கெடு இருக்கிறதே என்று லோர்னா சாவகாசமாக இருந்தாள். அது ஒஹையோ சட்டக் கணக்கு! கடை இருப்பதோ இக்கரையில், இங்கே ஒரே வருஷம். செவ்வாய்க்கிழமை மனுவை எழுத உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எழுந்து போய்க் கிளைடிடம் சொன்னாள்.

கிளைட் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"வாயைத் திறக்காதே, லோர்னா. நம்ம இன்சூரன்ஸ் வெள்ளிக்கிழமை முடியுது. இப்பப் போய்த் தப்பு பண்ணிட்டோம்னு சொன்னா, எவன் புதுப்பிப்பான்?"

"இப்பச் சொன்னாத்தான் பாலிசி தாங்கும். மறைச்சுப் புதுப்பிச்சா, தெரிஞ்சே ஏமாத்தினீங்கன்னு கம்பெனி கையை விரிச்சிடும். அப்புறம் அந்த மனுஷனுக்கு யார் குடுப்பா, நீயா?"

"கிழவருக்குக் கெடுவைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுதே, மடையா!"

வக்கீலின் தவறால் கட்சிக்காரர் இழப்பதை ஈடுகட்டத்தானே அந்தப் பாலிசியே இருக்கிறது! லோர்னா இன்சூரன்ஸ் கம்பெனியின் தொலைபேசி எண்ணை அழுத்தினாள். கம்பெனிக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"கெடு போயிடுச்சுன்னு அவர்கிட்டச் சொல்லுங்க, வேற வக்கீலைப் பாருங்கன்னும் சொல்லுங்க. அது உங்க கடமை. ஆனா தப்பு என்னுதுன்னு ஒத்துக்காதீங்க. ஒத்துக்கிட்டா பாலிசி செல்லாதுன்னு எங்க ஆளுங்களே வாதாடுவாங்க."

"மன்னிப்புக் கேக்கலாமா?"

"வேணாம்மா. அதுவும் ஒத்துக்கிட்ட மாதிரிதான்."

மறுநாள் ஹோபார்ட் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்ததும், லோர்னா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள்.

"வேற வக்கீல் எதுக்கு? எனக்குத் தெரிஞ்ச ஒரே வக்கீல் நீங்கதானே."

"என்மேலயே வழக்குப் போடலாமான்னு அவர் பாத்துச் சொல்லுவார்."

கிழவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "உங்க மேலயா? என்ன வக்கீலம்மா, மறந்துட்டீங்களா? மறந்துட்டேன்னா மறந்துட்டேன்னு சொல்லுங்களேன். நானும் மறக்கிற ஆள்தான்."

பாவி மனுஷா, கேட்காதே! ஆமாம் என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனியில் துடித்தது. சொன்னால் இவள் மனசு ஆறும், அவருக்கு வர வேண்டிய பணம் போனாலும் போய்விடும்.

"அதைப் பத்தி நான் பேசக் கூடாது, ஹோபார்ட்."

"ஒரு மன்னிப்பு?"

அவள் புது வக்கீலிடம் கொடுக்க வேண்டிய கேஸ் கோப்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் எழுந்தார். எழும்போது இடுப்பு வலி முகத்தைக் கோணலாக்கியது. தாங்கிப் பிடிக்க ஓடியவளின் கையை விலக்கினார்.

"உங்களை நல்ல பொம்பளைன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, அவள் திறந்துவிட்ட கதவு வழியாக வெளியே போனார்.