காப்புக் கட்டிய பரீட்சை

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்கு விடுமுறை என்ற சொல்லைக் கேட்டாலே பயம்தான். எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கம் என்னோடு சாக்பீஸ் பிடித்து அவதிப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசாங்கக் காலண்டரில் ஒரு கணக்கு, சனங்கள் மனசில் வேறு கணக்கு. நடுவில் தற்காலிக ஆசிரியையாக நான், பயந்தாங்கொள்ளி வேறு.

தீபாவளிக்கு மறுநாள்

தீபாவளிக்குக் கிடைப்பது ஒரே நாள். மறுநாள் வகுப்பில் போய்ப் பார்த்தால் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் குறைவு என்று பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியை மூடப் போவதாகப் பேச்சு அடிபட்ட நேரம். இன்ஸ்பெக்டர் வந்து நின்றால் என்ன சொல்வது? வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்கு ஓடினேன். பார்த்தால் ரொட்டிக்காரர்! போன உயிர் திரும்பி வந்தது.

வந்திருந்த ஒரே பையன் முனியாண்டி. மற்றவர்கள் எங்கேடா என்று அவனை அதட்டினேன். "எல்லாரும் தஞ்சோங் காராங்குக்குப் படம் பாக்கப் போயிட்டாங்க டீச்சர். எனக்குக் காய்ச்சல் லா, அதான் இங்க வந்தேன்!"

எல்லை

தோட்டத்து மாரியம்மன் திருவிழா எந்தக் காலண்டரிலும் இல்லை. எங்கள் பெரிய வாத்தியார் தம் கையில் இருக்கும் சிறப்பு விடுமுறையில் தீமிதிக்கு ஒரு நாள் ஒதுக்குவார், அவ்வளவுதான். அந்த வருஷம் காப்புக் கட்டிய வாரத்திலேயே ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வும் வந்து தொலைத்தது. எங்கள் பிள்ளைகள் டவுன் பள்ளிக்குப் போய்த்தான் எழுத வேண்டும். என் வகுப்பு லெட்சுமியோ பால்குடத்துக்குக் காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. விடுதிப் பள்ளிக்குப் போகும் அளவுக்குப் படிக்கிற ஒரே பிள்ளை அவள். இந்தப் பரீட்சையை விட்டால் அந்தக் கதவு சாத்தியதுதான்.

தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஓடினேன். அவள் அம்மா அஞ்சலை ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "இவ அம்மை வாத்துக் கெடந்தப்ப நேந்துக்கிட்டது டீச்சர். எல்லை தாண்டி எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க பொறுப்பா?" என்றார். பூசாரியைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன். நானே அம்மனுக்குப் பயந்தவள்!

பூசாரியிடம் போனோம். அவர் எங்களைத் தோட்டத்து எல்லைக்கு அழைத்துப் போனார். பிறகு எல்லைக்கல் ஓரத்து மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து லெட்சுமியிடம் கொடுத்தார். "சப்பாத்துக்குள்ள போட்டுக்க தாயி. இந்த மண்ண மிதிச்சுக்கிட்டிருக்கிற வரைக்கும் நீ தோட்டத்துலதான் நிக்கிற."

மண்

பரீட்சை மண்டபத்தில் மண் முடிச்சால் காலணி உறுத்தியிருக்கிறது. லெட்சுமி அதைக் கழற்றி, முடிச்சில் பாதி மண்ணைத் தரையில் கொட்டி, அதன்மேல் பாதங்களை வைத்துக்கொண்டு எழுதினாள். சன்னலுக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் சுங்கை புரோங்கைச் சேர்ந்த மலாய் ஆசிரியர். குனிந்து பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. விடுவிடுவென்று என்னிடம் வந்து, "தானா குபூர்?" என்று கேட்டார். கல்லறை மண்ணா என்கிறார்! செய்வினை என்றே நினைத்துவிட்டார். ஒரு வார்த்தை மேலிடத்துக்குப் போனால் பிள்ளையின் தாளும் போச்சு, என் வேலையும் போச்சு. எனக்குத் தெரிந்த மலாயில் அம்மன், நேர்த்தி, எல்லை என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவர் விருட்டென்று உள்ளே போய்விட்டார். அடுத்த ஒரு மணி நேரம் நான் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

மணி அடித்தது. லெட்சுமி கடைசிக் கேள்விவரை எழுதி முடித்திருந்தாள். அவர் என்னிடம் வந்து தணிந்த குரலில் மலாயில் சொன்னார்: "கூட்டுகிறவரிடம் அந்த மண்ணைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், டீச்சர். நாளைக்கும் பரீட்சை இருக்கிறதல்லவா, அங்கேயே இருக்கட்டும்."

ஆக, அம்மனுக்குப் பயந்தவர்கள், கல்வி ஆபீசுக்குப் பயந்தவள், மண்ணுக்குப் பயந்தவர் என்று இத்தனை கோழைகள் கூடித்தான், காலண்டர் கண்டுகொள்ளாத ஒரு திருவிழாவில் ஒரு பிள்ளையைப் பரீட்சை எழுத வைத்தோம்.