யானைகளுக்கு ஈடாக வந்த தங்கம்

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில், துறைமுகத்துக்கு அண்மையில் பிறந்தவர். அம்மா இளவயதிலேயே இறந்துபோக, தம்பியாகிய என்னை வளர்த்தவரும் அவரே. போர் துரத்த ரொறன்ரோ வந்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் ஒற்றை அறையில் இருந்தோம். இருபத்தேழு ஆண்டுகள் தையல் தொழிற்சாலையில் நின்று என்னைப் படிப்பித்தார்.

ஓய்வு பெற்றதும் அவருக்குப் புதிய பைத்தியம் பிடித்தது. டச்சுக்காரரான ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் துறைமுகத்தில் யானைகள் கப்பலேறியது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தங்கமும் இந்தியாவின் கோல்கொண்டா வியாபாரிகளுக்குப் போனதாக, ஒல்லாந்தரின் பழைய கப்பல் பதிவுகளை அகராதியோடு படித்து அக்கா கண்டார். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் நடந்த எங்கள் ஊர்க்காரர் கூட்டத்தில், "எங்கட தங்கத்தை அள்ளிக்கொண்டு போட்டாங்கள்" என்று பேசினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அதோடு நிற்காமல், எங்கள் கட்டடத்தில் இருந்த ஒல்லாந்து அம்மையாரிடம் அந்த மொழியை முறையாகப் படிக்கத் தொடங்கினார். சென்ற மாசியில் ஒருநாள் மதியம், நான் வேலையில் இருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, நான் பிழையா வாசிச்சிட்டன். கோல்கொண்டா வியாபாரியளுக்கு எண்டு நினைச்சது, வியாபாரியளிட்டயிருந்து எண்டு கிடக்குது. தங்கம் போகேல்ல, வந்திருக்கு. யானை வாங்க அவையள் கொண்டு வந்திருக்கினம்."

குரல் துள்ளியது. தன் பிழை பிடிபட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் கண்டதில்லை.

அப்போது அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. "அக்கா, உதை ஆர் கவனிக்கப் போகினம்? பேசாமல் விடுங்கோ" என்றேன்.

"நான் சொல்லித்தானே சனம் நம்பினது. நானே போய்ச் சொல்லவேணும்."

அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிச்சென்றேன். "போனமுறை நான் சொன்னது பிழை" என்று அவர் தொடங்க, சிலரின் முகம் சுருங்கியது. ஆனால் பதிவின் படத்தைத் திரையில் காட்டி, அந்தச் சிறு சொல்லைச் சுட்டி அவர் விளக்க விளக்க, முன்வரிசையில் இருந்தவர்கள் கதிரைகளை விட்டுத் திரையடிக்கே வந்துவிட்டார்கள்.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப தங்கச்சி, வந்த தங்கத்தில ஊருக்கு என்ன மிஞ்சினது?"

"அதை இன்னும் பாக்கேல்ல அண்ணை. நாளைக்குத் தொடங்குறன்."

தொடங்கினார். பதினொரு நாள் படித்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

நோயிலும் துயரிலும் உணவோடு வந்த அயலவர்களுக்கும், மொழி கற்பித்த அம்மையாருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அந்தக் கேள்வியைக் கேட்ட அண்ணை, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அன்று வீடு வரும்வரை காரில் அக்கா அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்தப் பதினொரு நாட்களையும் அவருக்குத் தந்தவர் நீங்கள்.