மூன்று ஆண் தாராக்கள்

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பக்கத்து வீட்டு ஹமீதா என்னைக் காட்டிச் சொன்னாள்: “ராத்தாட குரல் ஆண் தாரா மாதிரி. கரகரக்கும், சத்தம் வராது.” நான் வளர்க்கும் வாத்துகளைத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

நாலு மாதம் கழித்து அவளே வேலியோரம் வந்தாள். “ராத்தா, என்ட நாலு பெட்டைத் தாராவும் இடுற முட்டை பொரிக்குதில்ல. ஒரு ஆண் தாரா தாங்களன்.”

ஐந்து பெட்டைகளுக்கே ஓர் ஆண் போதும். அது தெரிந்துகொண்டுதான் மூன்றைப் பிடித்துக் கொடுத்தேன்.

“மூணா ராத்தா?”

“மூணும் நிண்டாத்தான் எல்லா முட்டையும் பொரிக்கும்.”

மூன்று ஆண்களும் மாறி மாறிப் பிடரியைக் கவ்வி ஏறி மிதிக்க, பெட்டைகள் நாள் முழுக்கக் கத்தின. அதைக் கேட்டுக்கொண்டே மீன் வெட்டினேன். உள்ளுக்குள் இனித்தது.

பத்தாம் நாள் ஹமீதா ஒரு பெட்டையைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். பிடரியில் இறகே இல்லை, தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது. “மத்தது ஒண்டு செத்துப் போச்சி. எனக்குத்தான் வளக்கத் தெரியல்ல போல, என்ன ராத்தா?”

“ஓம்” என்று தலையாட்டினேன்.

மஞ்சள் பூசிவிட்டு, இரண்டு ஆண்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது அவள் வீட்டில் பதினொரு குஞ்சுகள். காண்பவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்கிறாள்.

அன்று அவள் கேலி செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் தொழுகையில் கையேந்தும்போது, நான் சொன்ன அந்த ஒற்றை ‘ஓம்’தான் முதலில் நினைவுக்கு வருகிறது.